வெண்ணெய்க் கிருஷ்ணனும் ஒரு சிறு அட்டையும்

மகளின் கிரகப்பிரவேசத்துக்காகத் தஞ்சாவூரில் ஒரு சிறிய பட்டறையில், தஞ்சாவூர் ஓவியப் பாணியில் வெண்ணெய்க் கிருஷ்ணன் படம் செய்யச் சொன்னோம். 15க்கு 12 அங்குலம், தேக்குச் சட்டத்தோடு 9,500 ரூபாய். ஐந்து வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது.

வேலை அருமை. இடையில் ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். பலகையில் துணி ஒட்டிச் சுக்கான் பொடி (சுண்ணாம்புக் கல் பொடி) பூசி, கற்களையும் பதித்திருந்தார்கள். சுக்கான் பொடியைக் கோந்தில் குழைத்த மக்கைத் தூரிகை நுனியில் எடுத்து, துளித்துளியாக வைத்தே கழுத்து ஆரத்தை எழுப்பினார் பெரியவர். காய்ந்திருந்த வளையலின்மேல் மெல்லிய தங்கத் தாளான ரேக்கை வைத்து அழுத்தியதும், ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் துலங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

படத்தோடு வந்த அட்டைதான் வருத்தம் தந்தது. 'ஆயிரம் ஆண்டுச் சோழர் ஓவியக் கலை' என்று அச்சிட்டிருந்தார்கள். பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் சுவரில் தீட்டியவை. அவற்றில் மக்கும் இல்லை, கல்லும் இல்லை. இந்தப் பலகைப் படம் பிறந்த கதை வேறு. விஜயநகரத்தின் வழியில் வந்த நாயக்கர்கள் தஞ்சையை ஆண்டார்கள். 1670களில் மராட்டியர்கள் வந்தார்கள். தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்து ஓவியர்கள் மராட்டிய அரசர்களுக்காகத் தமிழ் மண்ணில் வரைந்தார்கள். அரசர்களின் உருவப்படங்களிலும் இதே தங்கமும் கல்லும் உண்டு. இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798-1832) தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியர்களுக்கும் படம் எழுதிக் கொடுத்தார்கள். என் கிருஷ்ணனுக்கு இருபுறமும் சுருக்கிக் கட்டிய சிவப்புத் திரை தொங்குகிறது. கோகுலத்துப் பிள்ளை அரசவையில் அமர்ந்திருக்கிறான்! மூன்று மொழிக்காரர்கள் கூடி வளர்த்த கலையை ஒரே பெயரில் அடக்குவது அவர்கள் உழைப்பை மறைப்பதாகும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். வீட்டில் இன்றும் தெலுங்கு பேசுகிறோம் என்றார். அட்டை அச்சடித்தது மகனாம். மாற்றச் சொல்கிறேன் என்றார்.

தாராளமாக வாங்கலாம். ரேக்கு அசல் தங்கம்தானா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஈரத்துணி படாமல் இருக்கக் கண்ணாடி போட்டே எடுங்கள். நாங்கள் அடுத்து ராமர் பட்டாபிஷேகம் சொல்லியிருக்கிறோம், தை மாதம் கிடைக்கும்.