பாழடைந்த வீட்டுக்குள் சம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் வீட்டின் உள்ளறைகளை எடுக்க இந்த மேனுவல் ஃபோகஸ் லென்ஸை வாங்கலாமா? தாராளமாக. அதே வீட்டை வெளியே நின்று எடுக்கவா? வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் ஏறக்குறைய 115 டிகிரி கோணம். பின்னால் நகர இடமில்லாத அறையில் மூன்று சுவரும் கூரையும் ஒரே படத்தில் அடங்கும். வெளியிலோ கட்டடம் தீப்பெட்டியாகச் சுருங்கி, புல்லும் வானமுமே மிஞ்சும். அங்கே 24 முதல் 35 மி.மீ. வரையிலான லென்ஸ் போதும்.

ஆட்டோஃபோகஸ் இல்லாதது பெரிய குறையில்லை. கும்மிருட்டில் அது எப்படியும் தடுமாறும். லென்ஸ் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி 90 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால் சுமார் அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு கிடைக்கும். ஆனால் லென்ஸில் அச்சிட்ட தூர அளவை நம்பிவிடக் கூடாது. பல லென்ஸ்களில் அது சற்று விலகியே இருக்கும். வீட்டிலேயே டேப் வைத்து 90 செ.மீ. அளந்து, லைவ் வியூவைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, அந்த இடத்தில் சிறு ஒட்டுநாடாவால் குறி வையுங்கள். படமெடுக்கும்போது வளையத்தையும் ஒட்டிவிட்டால் கைபட்டு நகராது.

உண்மையான தொல்லை கோட்டு வளைவு. நடுவில் வெளிப்புறமாகப் புடைத்து, ஓரத்துக்குப் போகும்போது எதிர்த்திசையில் திரும்பும் மீசை வளைவு இது. எடிட்டிங்கில் ஒற்றை ஸ்லைடரை இழுத்தால் நடுப்பகுதி நேராகும், ஓரம் இன்னும் கோணலாகும். இந்த லென்ஸின் வளைவுக்கென்றே எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் திருத்த அமைப்பான லென்ஸ் ப்ரொஃபைல்தான் தீர்வு. சிப் இல்லாத மாடல்களில் லென்ஸின் பெயர் படத்தில் பதிவாகாது என்பதால், ப்ரொஃபைலை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். திருத்தும்போது ஓரம் வெட்டுப்படும். நிலைப்படியையோ உத்தரத்தையோ விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து வைத்தாலும் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். ட்ரைபாடை அறை உயரத்தில் பாதியளவுக்கு ஏற்றி, கேமராவின் மட்டக்கோட்டைப் பார்த்துச் சமன்செய்யுங்கள். மூலையில் கிடக்கும் நாற்காலியும் பானையும் முட்டை வடிவில் நீளும். அவை முக்கியமென்றால் நடுவுக்கு வரும்படி சட்டகத்தை மாற்றுங்கள். (பொருளை நகர்த்துவதைவிட ட்ரைபாடை நகர்த்துவதே மரியாதை.)

ஜன்னல் வெளிச்சத்தையும் உள்ளிருட்டையும் ஒரே படம் தாங்காது. ஐஎஸ்ஓ 100, எஃப்/8 மாறாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு அல்லது பாதி) மாற்றி ஐந்து படங்கள் ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, பிறகு ஒன்றாக இணையுங்கள். காற்றில் ஆடும் இலைகள் இணைப்பில் பேய்த்தடமாகத் தெரியும். ஜன்னல் பகுதிக்கு அதிவேகப் படம் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் சரியாகும். மரத்தளமாக இருந்தால் ஷட்டர் திறந்திருக்கும்போது அடி எடுத்து வைக்காதீர்கள். உளுத்த பலகை மேல் கேமராவோடு நீங்களும் ஏறாமலிருப்பது அதைவிட முக்கியம்.

முன்கண்ணாடி குமிழ்போல் புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்டத் திருகுமறை கிடையாது. உடைந்த கூரை வழியே வெயில் நேராக அதில் பட்டால் ஒளிச்சிதறல் உறுதி. உடன் பொருத்தியிருக்கும் ஹூட் குட்டையானது, பெரிதாக உதவாது. ஒரு படத்தில் உள்ளங்கையால் வெயிலை மறைத்து, மறு படத்தில் மறைக்காமல் எடுத்துப் பிறகு இணைப்பதுதான் வழி. சுண்ணாம்புத் தூசி விழுந்தால் துணி போடவே கூடாது, மணல் கண்ணாடியைக் கீறிவிடும், முதலில் ஊதுபந்து.

ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் இது ஏறக்குறைய 21 மி.மீ.க்குச் சமம். ஓரத்து வளைவு வெட்டுப்பட்டுப் படம் ஒழுங்காகும், ஆனால் சின்ன அறைக்கு அகலம் பற்றாது. அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் 10 மி.மீ.யில் தொடங்கும் ஜூம் லென்ஸ் பக்கம் போவது நல்லது.