ஊருக்குப் போய்ட்டு வந்து பைக் ஸ்டார்ட் ஆகலன்னா வொர்க்ஷாப்புக்கு அனுப்பறதுக்கு முன்னாடி படிங்க

மாசக்கணக்குல ஊருக்குப் போய்ட்டு வர்ற பைக்காரங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க, சிங்கப்பூர்ல எனக்கு 580 வெள்ளி போச்சு, உங்களுக்குப் போகக்கூடாது.

அம்மாவுக்கு இடுப்பு ஆப்பரேஷன்னு தஞ்சாவூர் போனவன் நாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பினேன். என்னோடது ஹோண்டா பேண்டம் 200, சிஓஇ (வண்டி வச்சிருக்கறதுக்கான அனுமதிச் சான்று) புதுப்பிச்சு ஓட்டிட்டிருக்கற பழைய கார்பரேட்டர் வண்டி, ஈசூன்ல மல்டி ஸ்டோரி கார்பார்க்ல கவர் போட்டு விட்டுட்டுப் போயிருந்தேன். வந்து செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். பக்கத்து பிளாக் தம்பி ஜம்பர் கேபிள் கொண்டாந்தான், போட்டதும் என்ஜின் நல்லா சுத்துச்சு, ஆனா பத்திக்கவே இல்ல. எனக்கு ஷிப்ட் காலைல 6 மணிக்கு, முதல் எம்ஆர்டி ரயிலைப் பிடிச்சாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, அந்த அவசரத்துலதான் மாட்டிக்கிட்டேன்.

தெரிஞ்சவர் சொன்ன வொர்க்ஷாப்புக்கு டோ பண்ணி அனுப்பினேன், அதுக்கே 60. அங்க இருந்தவர் தமிழ்லயே பேசினார், "அண்ணே கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னதும் மனசு இறங்கிடுச்சு. சாயங்காலம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ், பேட்டரி போச்சு 80ன்னு. மறுநாள் சிடிஐ (ப்ளக்குக்கு ஸ்பார்க் வர வைக்கற எலக்ட்ரானிக் பெட்டி) போச்சு 180, ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடற சுவிட்ச்) போச்சு 60. அதுக்கடுத்த நாள் கார்ப் (கார்பரேட்டர்) ஓவர்ஹால் 120, லேபர் 80. ஒரே நாள்ல 520ன்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன், கொஞ்சம் கொஞ்சமா சொன்னதால ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு சொல்லிட்டேன். பழைய பார்ட்ஸ் எங்கன்னு கேட்டேன், தூக்கிப் போட்டாச்சுன்னார். கையால எழுதின பில்லுல "ரிப்பேர் 520"ன்னு ஒரே வரி.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஆனா சும்மா நிக்கறப்பவே ஐட்லிங் எக்கச்சக்கமா இரைஞ்சுது, அதைக் கொஞ்சம் குறைச்சா உடனே ஆஃப். ரெண்டாம் நாள் செம்பவாங் ரோடு சிக்னல்ல நின்னு போச்சு, பின்னாடி லாரி. அந்த பயம் இன்னும் போகல.

எங்க வேலை எடத்துல ஜேபி-ல (மலேசியாவோட ஜொகூர் பாரு) இருந்து தினம் வந்து போற அண்ணன் ஒருத்தர் இருக்கார், முன்னாடி மெக்கானிக்கா இருந்தவர். அவர் கார்பரேட்டர் பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "தம்பி, இதை யாரும் கழட்டவே இல்லயே"ன்னார். கீழ பெட்ரோல் தேங்கற கிண்ணம், அதான் ஃப்ளோட் பௌல், அதோட ஸ்க்ரூ தலையெல்லாம் அப்படியே துரு, ஸ்க்ரூடிரைவர் பட்ட அடையாளமே இல்ல. திறந்தா உள்ள பழைய பெட்ரோல் காய்ஞ்சு கோந்து மாதிரி ஒட்டிக்கிடக்கு, பைலட் ஜெட் முழுசா அடைப்பு. அந்த ஓட்டை ஊசி முனை அளவுதான், ஐட்லிங்ல என்ஜினுக்கு பெட்ரோல் அது வழியாத்தான் போகணும். அது அடைஞ்சிருக்கறதை மறைக்கத்தான் ஐட்லிங் ஸ்க்ரூவை ஏத்தி விட்டிருக்காங்க.

சிடிஐ கதை இன்னும் மோசம். 2019ல ஜேபி-ல மாத்தினப்போ நானே வெள்ளை பெயின்ட் பேனாவால தேதி எழுதி வச்சிருந்தேன், சீட்டைத் தூக்கிப் பாத்தா அதே எழுத்தோட அதே சிடிஐ உக்காந்திருக்கு. ரிலேயும் அப்படித்தான், ஜம்ப் பண்ணப்பவே என்ஜின் சுத்துச்சுன்னா ரிலேக்கு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம், அப்ப எனக்குத் தெரியல. உண்மையிலேயே மாத்தினது பேட்டரி மட்டும்தான்.

அண்ணன் கார்ப் கிளீனர் அடிச்சு, காத்து அடிச்சு, முக்கா மணி நேரத்துல முடிச்சுட்டார். கம்பி விட்டுக் குத்தக் கூடாதாம், ஓட்டை பெருசாயிடும். டேங்க்ல புது 95 பெட்ரோல் ஊத்தினோம், இப்ப சோக் இல்லாமயே ஆஃப் ஆகாம ஓடுது.

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். நின்ன வண்டிக்கு முதல்ல பேட்டரி வோல்ட் பாருங்க, முழுசா சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6க்கு மேல காட்டணும். அப்புறம் ப்ளக்கைக் கழட்டி, ஒயர் நுனியில இருக்கற கேப்ல மாட்டி என்ஜின் மேல ஒட்டி வச்சு செல்ஃப் அடிங்க, ப்ளக் ஓட்டைக்குத் தள்ளி வைங்க, பெட்ரோல் ஆவி வரும். பளிச்சுனு ஸ்பார்க் வந்தா சிடிஐ போச்சுன்னு யார் சொன்னாலும் காசை எடுக்காதீங்க. ஊருக்குப் போறப்ப பெட்ரோல் டேப்பை மூடி, பௌல்ல இருக்கறதை வடிச்சுட்டுப் போங்க. வொர்க்ஷாப்புல விடறதுக்கு முன்னாடி சிடிஐ, ரிலே, கார்ப் எல்லாத்தையும் போட்டோ எடுங்க, பழைய பார்ட் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க, என்னென்ன மாத்தினாங்கன்னு பில்லுல தனித்தனியா எழுத வைங்க.

போட்டோவோட திரும்பப் போய்க் கேட்டேன், "நீங்களே பழசை மாட்டிட்டு வந்திருப்பீங்க"ன்னு சொல்றார். அந்த வார்த்தைதான் காசை விட வலிச்சுது. ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல்ல (சின்னத் தொகை வழக்குக்கான தீர்ப்பாயம்) கேஸ் போட்டுட்டேன், 5,000 வெள்ளிக்குள்ளன்னா நம்மள மாதிரி கஸ்டமருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், கன்சல்டேஷனுக்குக் கூப்பிட்டதும் என்ன ஆச்சுன்னு எழுதறேன்.