ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் ஒரு ஆரஞ்சுக் கடை

"மலை ஆரஞ்சுதானா?" என்று கேட்டால் முக்கால்வாசிக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்பார்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் தள்ளி, தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கும் இந்த அக்கா மட்டும், "அது நாக்பூர் கண்ணு, கீழ மண்டியில இருந்து வந்தது, நம்ம மலைப் பழம் இந்தக் கூடையில இருக்குது பாரு" என்று அவராகவே பிரித்துக் காட்டினார். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

பழத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பாதி பச்சை, பாதி மஞ்சள், அங்கங்கே கரும்புள்ளி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி தொளதொளவென்று தோல். ஆனால் காம்புப் பக்கம் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் சுளையில் ஒட்டாமல் கழன்று வரும், தோல் எண்ணெய் விரலில் பீச்சியடிக்கும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை வாசம் போகாது. கொட்டை அதிகம். முதலில் புளிப்பு, இனிப்பெல்லாம் பின்னால்தான். வெறும் இனிப்பு போதும் என்பவர்கள் நாக்பூரே வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

எனக்கு இந்தப் புளிப்புதான் வேண்டும். சின்ன வயதில் சேலத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் குமட்டிக்கொண்டு வரும், அம்மா இந்தத் தோலை மடித்து மூக்குக்கிட்டே பிழிவார், அண்ணன் அதைப் பிடுங்கி என் கண்ணில் பிழிவான். மிச்சத் தோலை அம்மாயி மொட்டை மாடியில் காயவைத்துச் சீயக்காயோடு சேர்த்து மில்லில் அரைத்துவிடுவார், மார்கழி முழுக்க எங்கள் தலையில் அந்த வாசம்தான்.

விலை கீழே விற்பதைவிடக் கூடுதல். குறைக்க மாட்டார், கூட ஒன்றிரண்டு போடுவார். காபித் தோட்டத்தில் ஊடே நிற்கும் மரங்கள்தானே, சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் பச்சை நோய் வந்துவிட்டால் அந்த மரத்தைக் காப்பாற்ற மருந்தும் கிடையாது, அதனால் விலையில் எனக்கு வருத்தமில்லை. கூடையின் அடியில் அழுங்கின பழம் கிடக்கும், பார்த்துப் பொறுக்குங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார். ஜிபே இருக்கிறது, சிக்னல்தான் இல்லை.

கார்த்திகையிலிருந்து தை வரை போகலாம். துணிப்பை கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனால் நாக்பூர்க் கூடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.