டக்ட் ஏசித் துப்புரவு: காசுக்குத் தகுந்த வேலையா?

கோவையிலும் திருப்பூரிலும் அண்மையில் கட்டப்படும் பெரிய வீடுகள் சிலவற்றில், அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி மாட்டுவதற்குப் பதிலாக, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரே இயந்திரத்தை வைத்து, தகர டக்டுகள் வழியே எல்லா அறைகளுக்கும் குளிர்காற்றை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. சுவரில் காற்று வரும் கிரில்லைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது இதன் அழகு. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியாது என்பது இதன் தொல்லை. சித்திரை வெயிலுக்கு முன்பாக, டக்டைத் துப்புரவு செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட கோவை நிறுவனம் ஒன்றை அழைத்தோம். நிறைகுறை இரண்டையும் எழுத இருப்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்தப் பகுதியின் தூசியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். சற்றுத் தள்ளி, கழிவுப் பஞ்சிலிருந்து நூல் எடுக்கும் ஓ.இ. மில்கள், இடையிடையே கறிக்கோழிப் பண்ணைகள். போதாததற்கு, தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து, வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முடியும் வரை இந்தப் பக்கம்தான் வீசித் தீர்க்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக்குள் வருவது வெறும் மண்தூசி அன்று. அதில் பாதி பஞ்சு. மண்தூசி டக்டின் அடியில் படிந்து அப்படியே கிடக்கும். பஞ்சோ காற்றோடு பறந்து, ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேமரா விட்டுக் காட்டினார்கள். இதை முதல் நல்ல மதிப்பெண்ணாகக் குறிக்கிறேன், ஏனென்றால் இதற்கு முன் விலை கேட்ட வேறோர் இடத்தில், வீட்டைப் பார்க்காமலேயே கிரில் எண்ணிக்கையை மட்டும் கேட்டுத் தொகையைச் சொன்னார்கள். கூடத்துக் கிரில்லைக் கழற்றி, நீண்ட கம்பியின் நுனியில் விளக்கோடு இருந்த கேமராவை உள்ளே செலுத்தியபோது, குளிர்காற்று போகும் டக்டில் மெல்லிய சாம்பல் நிறப் படலமும், வளைவு ஒன்றில் பல்லி எச்சமும், கட்டுமான நாளில் யாரோ விட்டுப்போன சிமென்ட் துணுக்குகளும் தெரிந்தன. உண்மையைச் சொன்னால், நான் எதிர்பார்த்த அளவுக்கு அழுக்கு இல்லை. கிரில்லின் ஓரத்தில் கருமையாகப் படியும் கோட்டைக் காட்டி, உள்ளே முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று விற்பனைக்கு வந்தவர் சொன்னார். அந்தக் கோடு பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் தூசி குளிர்ந்த விளிம்பில் படிவதால் வருவது; அதை மட்டும் வைத்து டக்டின் நிலையை முடிவு செய்ய முடியாது.

வேலை செய்த முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. எல்லாக் கிரில்களையும் கழற்றி, வாய்களைப் பிளாஸ்டிக் தாளாலும் டேப்பாலும் மூடி, இயந்திரத்தை ஒட்டிய பெரிய டக்டில் ஓர் ஓட்டை போட்டு, அங்கே உறிஞ்சும் இயந்திரத்தின் தடித்த குழாயைப் பொருத்தினார்கள். டக்டுக்குள் இருக்கும் காற்று அந்த ஒரு திசையில் மட்டுமே இழுபட்ட பிறகுதான், தொலைவில் உள்ள அறையிலிருந்து தொடங்கி, சுழலும் நைலான் பிரஷ்ஷையும் கம்ப்ரஸர் காற்றையும் உள்ளே விட்டார்கள். இந்த வரிசை முக்கியம். உறிஞ்சல் இல்லாமல் பிரஷ்ஷை மட்டும் விடுகிறவர்கள், டக்டில் அமைதியாகக் கிடந்த தூசியைக் கிளப்பி மெத்தையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதே பொருள். இவர்களுடைய இயந்திரத்தில் 0.3 மைக்ரான் அளவுள்ள துகளிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தது. அப்படியிருந்தும் அதைப் போர்டிகோவில் வைத்து ஓட்டினார்கள். ஒலியைக் குறைப்பதற்காக உட்புறம் கண்ணாடி நார் ஒட்டியிருந்த பகுதியில் பிரஷ்ஷை விடாமல், உறிஞ்சியால் மட்டும் மெதுவாகத் தடவி எடுத்ததையும் கவனித்தேன். அங்கே முரட்டுத்தனமாகத் தேய்த்தால் நார் பிய்ந்து, துப்புரவு செய்ததே தூசிக்குக் காரணமாகிவிடும்.

இயந்திரத்தைத் திறந்தபோதுதான் விஷயம் வேறாக இருந்தது. காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயிலின் முகப்பில் பஞ்சு, ஈரத்தில் ஊறி அழுந்தி, கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தது. தலைமைத் தொழிலாளி அதை ஓர் ஓரத்தில் நகத்தால் நெம்பியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதன் கீழே தண்ணீர் வடியும் ட்ரேயில் வழவழப்பான பாசி, வடிகுழாயின் வாயில் பாதி அடைப்பு. காற்றை இழுத்துத் தள்ளும் புளோயரின் இதழ்களிலும் அதே பஞ்சுதான். கடைசிப் படுக்கையறைக்குக் காற்று வராமல் போனதற்கும், ஏசி போட்டவுடன் வந்த புழுக்கமான வாடைக்கும் காரணம் டக்ட் அன்று, இதுதான்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தத் தொழிலைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு எழுதியிருக்கும் கையேடும் இதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. டக்டைத் துப்புரவு செய்வதால் நோய் தடுக்கப்படும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை; கண்ணுக்குத் தெரியும் அளவில் பூஞ்சை, எலி அல்லது பூச்சி குடியேற்றம், காற்றோடு வெளியே வந்து விழும் அளவுக்குத் தூசி ஆகியவை இருந்தால் செய்யலாம்; செய்தால் காயில், ட்ரே, புளோயர் எல்லாவற்றையும் சேர்த்தே செய்ய வேண்டும், ஒன்றை விட்டாலும் மற்றவை மீண்டும் அழுக்காகும் என்பதே அதன் சாரம். 1989-இல் தொடங்கப்பட்ட அந்நாட்டு டக்ட் துப்புரவாளர் சங்கமும் முழு அமைப்பையும் சேர்த்துச் செய்வதையே முறையாகச் சொல்கிறது.

அந்த முழு அமைப்பு என்ற இடத்தில்தான் இந்த நிறுவனம் சறுக்கியது. எங்கள் வீட்டில் குளிர்காற்று போவதற்கு டக்ட் உண்டு. திரும்பி வருவதற்கு இல்லை. அறைக் காற்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடத்துக்குள் ஏறி, அங்கிருந்து இயந்திரத்துக்குப் போகிறது. செலவைக் குறைக்க இப்படிச் செய்வது இங்கே வழக்கம். விலைப்பட்டியல் போட்டவர் இதைப் பார்க்கவே இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான தலைமைத் தொழிலாளிதான் ட்ராப் டோர் வழியாகத் தலையை நுழைத்துவிட்டு, “ஏனுங்கண்ணா, காத்து திரும்பி வர்றதுக்கு டக்டே இல்லீங்களே. சீலிங் மேல கெடக்கற குப்பையெல்லாம் மறுக்கா காயிலுக்குத்தானுங்க வரும்” என்றார். அங்கே ஜிப்சம் தூளும், ஒட்டடையும், ஒயரிங் வேலையில் உடைத்த செங்கல் பொடியும் விரல் தடிமனுக்குக் கிடந்தன. அதை எடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை என்று அலுவலகம் கைவிரித்தது. கூடுதல் தொகை பேசி, கை எட்டும் தூரம் வரை உறிஞ்சி எடுத்தார்கள். டக்டுக்கு ஆள் கூப்பிட நினைப்பவர்கள், கிரில்லை எண்ணும் முன், காற்று எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு குறை, வேலை முடிந்த பிறகு தெரிந்தது. டக்டில் போட்ட ஓட்டையைத் தகடு வைத்து, திருகு போட்டு, அலுமினிய டேப் ஒட்டி நன்றாகவே மூடியிருந்தார்கள். ஆனால் அதன் மேலே சுற்ற வேண்டிய கருப்பு நைட்ரைல் ரப்பரை ஒட்டாமல் சும்மா மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குளிர்ந்த தகரம் வெப்பக் காற்றைத் தொட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? கூடத்துச் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்தது. புகார் சொன்னதும் மறுப்பு இல்லாமல் வந்து, பசை தடவி ஒட்டிச் சரிசெய்தார்கள்; கறைக்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் தலையில்தான் விழுந்தது.

கிருமிநாசினிப் புகை அடிக்கும் சேவையை நாங்கள் வாங்கவில்லை. எலுமிச்சை மணம் வரும் என்றும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நல்லது என்றும் விற்பனையாளர் வற்புறுத்தினார். என் அம்மாவுக்கு இளைப்பு உண்டு என்பது தெரிந்த பிறகு வற்புறுத்தல் கூடியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எந்த மருந்து என்று கேட்டதற்கு டப்பாவையோ அதன் லேபிளையோ காட்ட முடியாதவர், அந்த மருந்தை எங்கள் மூச்சுக்குள் அனுப்புவதற்குப் பணமும் கேட்கிறார். துடைத்து எடுத்துவிட்ட தகரத்தின் மேல் புகை அடிப்பதால் கூடுதலாக என்ன நேரும் என்பதற்கும் அவரிடம் விடை இல்லை.

பலன் என்று பார்த்தால், கடைசி அறையில் இப்போது திரைச்சீலை அசையும் அளவுக்குக் காற்று வருகிறது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 11 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. அந்த அளவுக்குள் வந்துவிட்டது. வாடை போய்விட்டது. அம்மாவின் காலைநேரத் தும்மலில் எந்த மாற்றமும் இல்லை. அதை அவரே, “அது பஞ்சு மில்லு மூடற அன்னிக்குத்தான் நிக்கும் கண்ணு” என்று முடித்துவிட்டார்.

தொகை, 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சீலிங் வேலைக்கான கூடுதலும் சேர்த்து, புதிய ஒரு டன் ஸ்பிளிட் ஏசியின் விலையில் பாதியைத் தொட்டது. அதில் பெரும்பகுதி டக்டுக்குப் போனது. பலனில் பெரும்பகுதி காயிலிலிருந்தும் புளோயரிலிருந்தும் வந்தது. புதுமனை புகுந்த பிறகு ஒருமுறைகூடத் திறக்காத டக்டுக்கு, கட்டுமானக் குப்பையை எடுப்பதற்காகவாவது, இந்த வேலையை ஒருமுறை செய்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆண்டுதோறும் டக்டையும் சேர்த்துச் செய்து தரும் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், நான் கையெழுத்திடவில்லை. காயிலுக்கும் ட்ரேக்கும் மட்டும் ஒப்பந்தம் கேட்டேன், அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இல்லை என்றார்கள். பல்லடத்து ஏசி மெக்கானிக் ஒருவர் பங்குனியிலும், ஆடிக்காற்று அடங்கிய பிறகும் வந்து அதைச் செய்து தர ஒத்துக்கொண்டிருக்கிறார்; ஃபில்டரை இரு வாரத்துக்கு ஒருமுறை நாங்களே கழற்றிக் குழாயடியில் அலசிப் போடுகிறோம்.