பெரிய டாட்டூ ஆறுவதற்கு ஒட்டுப்படலமா, கழுவிக் களிம்பு பூசுவதா?

மணிக்கட்டில் குத்திக்கொள்ளும் ஒற்றை எழுத்து எப்படிக் கவனித்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும். முதுகு முழுவதையோ, தோள் முதல் மணிக்கட்டு வரையோ நிறைக்கும் டாட்டூ அப்படியல்ல. ஊசி மேல்தோலைக் கடந்து ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்குவதால், ஆழம் குறைந்தாலும் பரப்பில் மிகப் பெரியதான ஒரு காயம் உண்டாகிறது. அதிலிருந்து முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஊனீர் எனப்படும் தெளிந்த நீரும், சிறிது இரத்தமும், மிஞ்சிய மையும் கசிந்துகொண்டிருக்கும். இந்தக் காயத்தை ஆற்ற இன்று ஸ்டூடியோக்களில் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: ‘செகண்ட் ஸ்கின்’ எனப்படும் ஒட்டுப்படலத்தால் மூடுவது, திறந்து வைத்துக் கழுவி மெல்லிய களிம்பு பூசுவது, கழுவியபின் எதையும் பூசாமல் உலரவிடுவது.

மூன்றாவது வழியை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். மெல்லிய கோடுகளாலான சிறு டாட்டூவுக்கு அது போதும். அடர்ந்த கறுப்போ வண்ணமோ நிரப்பிய பெரிய பரப்பில், உலர்ந்த ஊனீர் தடித்த பக்காகக் கட்டி, மூட்டு அசையும்போதெல்லாம் வெடித்து, உதிரும்போது மையையும் சேர்த்துக்கொண்டு போகிறது. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ஒட்டுப்படலத்தின் அடிப்படை டாட்டூ உலகில் பிறந்ததன்று. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களைப் படலத்தால் மூடி ஈரம் காத்தபோது, காற்றில் உலரவிட்ட காயங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதிய மேல்தோல் மூடியதைக் காட்டினார். பக்குக் கட்டினால் புதுத்தோல் செல்கள் அதன் அடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பில் அவை நேராகவே பரவுகின்றன. மருத்துவமனையில் கையில் ஏற்றிய டிரிப்ஸ் ஊசியின்மேல் ஒட்டப்படும் ஒளிபுகும் பாலியூரித்தேன் படலமும் இதே வகைதான்: நீராவியையும் காற்றையும் ஓரளவு விடும், தண்ணீரையும் கிருமியையும் விடாது. ஊசி வேலை முடிந்ததும் சில ஸ்டூடியோக்களில் சுற்றிவிடும் சமையலறை பிளாஸ்டிக் தாளை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வீடு போய்ச் சேரும்வரைதான்.

பெரிய டாட்டூவில் படலத்தின் மிகப் பெரிய பயன் வேகமல்ல, கை எட்டாத இடத்தைக் காப்பது என்பது என் கருத்து. முதுகில் குத்திக்கொண்டு விடுதி அறையில் தனியே வசிக்கும் ஒருவர், நாளுக்கு மூன்று முறை தன் முதுகைத் தானே கழுவித் துடைத்துக் களிம்பு பூசுவது நடக்காத காரியம். படலம் ஒட்டியிருந்தால் அவர் குளிக்கலாம், சட்டை உரசாது, படுக்கை விரிப்பு காயத்தில் ஒட்டி விடியற்காலையில் பிய்த்தெடுக்கும் அவதியும் இராது. முதல் நாளில் படலத்தின் அடியில் கறுத்த திரவம் குளம்போலத் தேங்குவதைக் கண்டு பலர் மிரண்டுபோகிறார்கள். அது ஊனீரில் கலந்த மிகுதி மைதான். ஓரம் வரை வந்து கசியத் தொடங்கினால் மட்டும் படலத்தை எடுத்துவிட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, புதிதாக ஒட்ட வேண்டும், ஏனெனில் ஒருமுறை ஓரம் திறந்துவிட்ட படலம் கிருமியைத் தடுக்காமல் உள்ளே அடைத்து வைக்கும்.

நம் ஊரில் சிக்கல் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாத வீட்டில் இருப்பவருக்கும், நாள் முழுவதும் பைக்கில் அலைபவருக்கும் படலத்தின் அடியில் வியர்வை சேர்கிறது, பசை நழுவுகிறது, வியர்க்குருவும் மயிர்க்கால் கொப்புளங்களும் கிளம்புகின்றன. முழங்கை மடிப்பு, அக்குளை ஒட்டிய பகுதி, மழித்த முடி மீண்டும் முளைக்கும் மார்பு ஆகிய இடங்களில் இது நெடுநேரம் நிற்பதே இல்லை. சாதாரண பிளாஸ்திரிக்கே தோல் சிவந்து தடிப்பவர்களுக்கு இதன் பசையும் ஒவ்வாமல் போகக்கூடும். படலத்தின் வடிவத்திலேயே சதுரமாகச் சிவந்து அரித்தால் அது கிருமியின் வேலையல்ல, பசையின் வேலை. எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், வெதுவெதுப்பான நீரின் அடியில் நின்று, தோலோடு இணையாக நீட்டி நீட்டி விடுவித்தால் புதுத்தோல் கிழியாது.

திறந்துவைத்துக் கழுவும் வழிக்குப் பொறுமையும் கண்ணாடியும், முடிந்தால் வீட்டில் இன்னொருவரும் தேவை. சோப்பால் கழுவிய கையாலேயே, நார் எதுவும் படாமல், மணமற்ற மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவி, ஒற்றி உலர்த்தி, தோல் மினுங்காத அளவுக்கு மெல்லிதாகப் பூச வேண்டும். வீட்டுத் தொட்டித் தண்ணீரில் ஐயம் இருந்தால் முதல் சில நாட்களுக்குக் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துவது வீண் வேலையல்ல.

எதைப் பூசுவது என்பதில் தவறான நம்பிக்கைகள் ஏராளம். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஆன்டிபயாடிக் களிம்புதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 922 பேரில் வெறும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியையும் பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டு, தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. ஒவ்வாமை வந்த சிலரும் பாசிட்ராசின் பக்கமே இருந்தார்கள். இன்னொரு ஆன்டிபயாடிக்கான நியோமைசினும் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போனது. ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் இன்னும் மோசம், அரிப்பை அடக்குவதோடு ஆறுவதையும் அவை தாமதப்படுத்தும். ஆகவே ஜெல்லியை முதல் சில நாட்களுக்கு மிக மெல்லிதாகவும், தோல் உரியத் தொடங்கியபின் மணமற்ற லோஷனையும் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் இந்த இரண்டாம் கட்டத்துக்குப் பொருந்தும். திறந்த காயத்துக்குச் சமையலறைப் பாத்திரத்து எண்ணெய் ஏற்றதல்ல. குறவர் சமூகப் பெண்கள் வாசலில் வந்து பச்சை குத்திய நாளில் மஞ்சள் அப்பியது உண்மைதான், ஆனால் அவை சில புள்ளிகளும் கோடுகளும் கொண்ட சிறு வடிவங்கள். ஒரு முதுகளவு காயத்தில் கிருமி நீக்காத அரைத்த பொடியை அப்புவதற்கு அந்தப் பழக்கம் சான்றாகாது.

என் பரிந்துரை இதுதான்: முதுகு, தொடை, மேல்கையின் வெளிப்புறம் போன்ற தட்டையான பரப்புகளுக்கு முதல் நாள் ஒரு படலம், மறுநாள் கழுவி இன்னொன்று, நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் எடுத்துவிட்டுத் திறந்த முறைக்கு மாறுதல். கடும் கோடையில் வெளியே வேலை செய்பவர்களும், பசை ஒவ்வாதவர்களும், மூட்டுகளில் குத்திக்கொண்டவர்களும் தொடக்கத்திலேயே கழுவும் வழியில் போவது நல்லது. கெண்டைக்கால் டாட்டூ என்றால் இரு வழியிலும் காலை உயர்த்தி வைப்பது அவசியம், எழுந்து நிற்கும் கணத்தில் இரத்தம் கீழிறங்கி அது விண்விண்ணென்று தெறிக்கும். நீண்ட அமர்வுக்குப் பிறகு அன்றிரவு உடல் அசதியும் லேசான நடுக்கமும் வரலாம்.

மேல்தோல் மூட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வெயில், நீச்சல்குளம், கடல் மூன்றும் கூடாது. 2017இல் வெளியான ஒரு மருத்துவப் பதிவு, டாட்டூ குத்திய ஐந்து நாட்களில் மெக்ஸிகோ வளைகுடாவில் நீந்திய, ஏற்கெனவே கல்லீரல் நோய் கொண்ட ஒருவர் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியால் இறந்ததை விவரிக்கிறது. மூடிய தோல் சில வாரங்கள் பால் படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து மை போய்விட்டது என்று, மீண்டும் மை ஏற்றும் டச்-அப்புக்கு ஓட வேண்டியதில்லை. அடுத்த அமர்வையும் அதே பரப்பில் குறைந்தது மூன்று நான்கு வாரங்களுக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் படலமா களிம்பா என்ற கேள்வியை விட்டுவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டாலும் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. 2011-12இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில், முன்கூட்டியே நீர்த்துக் கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையிலேயே மைக்கோபாக்டீரியம் கிருமி இருந்ததால் பலருக்குத் தொற்று வந்தது. ஆறிக்கொண்டிருந்த டாட்டூவில் சில வாரங்கள் கழித்து ஒரே நிறம் உள்ள இடங்களில் மட்டும் சிவந்த புடைப்புகள் எழுந்தால், தோல் மருத்துவரிடம் போகும்போது ஸ்டூடியோவில் கேட்டு அந்த மையின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துக்கொண்டு போகவும்.