தண்ணீர் வில்லாவா, கடற்கரை வில்லாவா? மாலத்தீவில் ஒரு சோம்பல் நாளுக்கு எது சரி

மாலத்தீவு போகலாம் என்று முடிவெடுத்ததும் வீட்டில் முதலில் எழும் வாக்குவாதம் இதுதான். கடலுக்குள் தூண் நட்டு அதன்மேல் கட்டிய வில்லாவை எடுப்பதா, மணலில் மரங்களுக்கு நடுவே இருக்கும் வில்லாவை எடுப்பதா? படங்களை மட்டும் பார்த்தால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள், விரல் தானாகத் தண்ணீர் வில்லாவைத்தான் தொடும். என் விரலும் அதைத்தான் தொட்டது. அப்புறம் ஒரே தீவில் இரண்டு இரவு அங்கே, இரண்டு இரவு இங்கே என்று தங்கிப் பார்த்ததில் மனசு மாறிவிட்டது. எங்கும் போகாமல், எதையும் பார்க்காமல், சும்மா கிடப்பதற்கென்றே ஒரு நாள் வேண்டுமானால் கடற்கரை வில்லாதான். காரணம் நிழல்.

தண்ணீர் மேல் வீடு கட்டி விருந்தாளிகளைத் தங்க வைக்கும் யோசனை மாலத்தீவில் பிறந்ததில்லை. 1967இல் பசிபிக் கடலில் இருக்கும் பிரெஞ்சு பாலினேசியாவின் ராயாட்டியா தீவில் ஹோட்டல் நடத்திய மூன்று அமெரிக்கர்கள் ஆரம்பித்து வைத்தது அது. அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரை கிடையாது, வருகிறவர்களுக்குக் கடலைக் கொடுக்க வேறு வழியில்லாமல் அறையையே கடலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மாலத்தீவில் அந்தக் குறை எங்கே இருக்கிறது? பவளப்பாறையைக் கொறித்துத் தின்று வெள்ளை மணலாகக் கழிக்கும் பேரட் ஃபிஷ் கூட்டம் அங்கே கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, கால் வைக்கும் இடமெல்லாம் மணல்தான். ஆனால் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அங்கே வழக்கம், தீவோ கையகலம், சுற்றியிருக்கும் லகூன், அதாவது பவளப்பாறைக்கு உட்பட்ட ஆழமில்லாத கடல், பரந்து கிடக்கிறது. அதனால்தான் அறைகள் கடலுக்குள் போயின. 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோது இருந்த எளிமையான குடில்களோடு ஒப்பிட்டால், இன்றைக்குக் கடலுக்குள் வளைந்து வளைந்து போகும் மரப்பாலங்களும் அவற்றில் கோத்த மணிகள் மாதிரி வில்லாக்களும் வேறு உலகம்.

சரி, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

காலையில் தண்ணீர் வில்லாவுக்குத்தான் என் ஓட்டு. கதவைத் திறந்தால் மரத்தளம், நாலு படி இறங்கினால் கடல், மணலைத் தட்டிவிடும் வேலைகூட இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு அரை மணி நேரம் மிதந்தால் போதும். பிளாக்டிப் சுறாக் குட்டிகள் அரை அடித் தண்ணீரில் திரியும், பெரிய சுறாக்களிடமிருந்து தப்பிக்கத்தான் அவை அவ்வளவு ஆழம் குறைந்த இடத்துக்கு வருகின்றன, நம்மைக் கண்டால் ஓடிவிடும். இவற்றைக் கடற்கரைப் பக்கமும் பார்க்கலாம் என்பது வேறு விஷயம்.

பதினொரு மணிக்கு மேல்தான் கதை மாறுகிறது. தலைநகர் மாலே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலு டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும், மற்ற மாதங்களிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நேரத்தில் தண்ணீர் வில்லாவின் மரத்தளத்தில் நமக்கு இருப்பது ஒரு குடை, அதுவும் காற்றடித்தால் மடக்கி வைக்கச் சொல்வார்கள். கீழே இருக்கும் கடலோ கண்ணைக் கூசவைக்கும். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தால் அதுவும் இல்லை, உலக சுகாதார அமைப்பு சொல்வதுபடி அரை மீட்டர் ஆழத்திலும் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கிறது. உடம்பு குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு வேகிறதே தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்த நாள் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பணம் கொடுத்து, கடைசியில் கடலை டிவி மாதிரி பார்ப்பதா?

கடற்கரை வில்லாவில் அதே நேரம் தாழையும் தென்னையும் நிழல் போட்டுக்கொண்டிருக்கும். மணலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் தலைக்கு மேல் இலை இருந்தால் அதெல்லாம் தாங்கக்கூடியது. பவள மணல் வெள்ளையாக இருப்பதால் நடு மதியத்திலும் உள்ளங்காலை அவ்வளவாகச் சுடாது. நிழல் நகர நகர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். நான் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். நாரை ஒன்று தண்ணீர் ஓரத்தில் ஒற்றைக் காலில் ஒரு மணி நேரம் அப்படியே நின்றது, அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது முழுக்க உண்மை.

கொசு விஷயத்தில் கடற்கரை வில்லாவுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். செடி கொடி இருந்தால் கொசுவும் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மருந்து பூசாமல் வெளியே உட்கார முடியாது. தண்ணீர் வில்லாவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

எந்த வகை என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: எந்தத் திசை? மேற்கே பார்த்த வில்லாவுக்கு அஸ்தமனம் தெரியும் என்று கூடுதல் விலை வைப்பார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் பக்கமும் கிட்டத்தட்ட அதேதான். தண்ணீர் வில்லாவானால் அந்த மாதங்களில் படியில் இறங்குவதே சிரமம், ராத்திரி முழுக்கத் தரைக்குக் கீழே தூணில் அலை அறைந்துகொண்டிருக்கும். கடற்கரை வில்லாவானாலும் நிம்மதி இல்லை, காற்று திசை மாறும்போது மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்விடும். படத்தில் பார்த்த அகலமான கரை நாம் போகும் நேரத்தில் மூன்றடி பட்டையாகச் சுருங்கி, மணல்மூட்டை அடுக்கிக் கிடக்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். அந்த அஸ்தமனமும் சட்டென்று முடிந்துவிடும், சூரியன் இறங்கி இருபது நிமிஷத்தில் இருட்டிவிடும், அதை உணவகத்துக்குப் போகிற வழியிலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இரவு என் ஓட்டு மறுபடியும் தண்ணீர் வில்லாவுக்கு. காற்று அடங்கியிருந்தால் தரைக்குக் கீழே தண்ணீர் மெதுவாகத் தட்டும் சத்தத்தில் வரும் தூக்கம் தனி ரகம். கீழே கடல் தெரிவதற்காக அறைக்குள் பதித்திருந்த கண்ணாடித் தரை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. முதல் ஒரு மணி நேரம் குழந்தை மாதிரி குப்புறப் படுத்துப் பார்த்தேன், அப்புறம் அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, பல ரிசார்ட்டுகள் சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர் வில்லாவில் தங்க விடுவதே இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலைக்கு மேல் மாலேயில் வந்து இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கல். வெறுங்காலோடு விமானம் ஓட்டும் பைலட்டையும் மேலிருந்து பவளத்தீவுகளைச் சுற்றித் தெரியும் நீல வளையங்களையும் பார்ப்பதற்காக ஒருமுறை அதில் போகலாம்தான். ஆனால் மொத்தமே மூன்று நாள் என்றால், விமான நிலையத்திலிருந்து வேகப்படகில் எட்டும் தீவாகப் பார்ப்பதே மேல்.

இரண்டு வில்லாவையும் பாதிப் பாதியாக எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நாலு இரவாவது இருந்தால் எடுங்கள். மாறுகிற நாளில் பழைய அறையை மதியம் காலி செய்யச் சொல்வார்கள், புதியது தயாராக இரண்டு மூன்று மணி ஆகும், நடுவில் நனைந்த துணியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் கடற்கரை, கடைசியில் தண்ணீர் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். வந்த சூட்டில் படம் எடுக்கிற ஆசை, குதிக்கிற ஆசை எல்லாம் தண்ணீர் வில்லாவில் தீர்ந்துவிடட்டும். வெந்த முதுகோடு மரத்தடிக்கு வந்து சேருங்கள்.