ஜாவா ஸ்விங்கின் அட்டவணையான ஜேடேபிளில் கட்டத்தைத் திருத்துகிறார்களா? எந்த வழியில் அறிவது நல்லது?

கடை ஒன்றுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஊழியர் கடைசிக் கட்டத்தில் 40ஐ 48 ஆக்கிவிட்டு, எண்டர் தட்டாமல் நேரே ‘சேமி’யை அழுத்தியிருக்கிறார். திரையில் 48, கோப்பில் 40. ஜாவாவின் திரை வடிவமைப்புத் தொகுப்பான ஸ்விங்கில், எடிட் முடியும்வரை புது மதிப்பு மாடலுக்கு, அதாவது டேபிளின் தரவை வைத்திருக்கும் பகுதிக்கு, போகாது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து ‘டெர்மினேட்எடிட்ஆன்ஃபோகஸ்லாஸ்ட்’ என்ற டேபிள் அமைப்பு. ஒரே வரி, ஃபோகஸ் (விசைத் தட்டல்களைப் பெறும் உரிமை) டேபிளை விட்டு வெளியே போனதும் எடிட் தானாக முடிந்துவிடும். ஆனால் கன்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்தால் ஃபோகஸ் நகராது, பழைய சிக்கல் அப்படியே இருக்கும். இன்னொன்று எனக்குப் பெரிய குறை: எண் கட்டத்தில் ‘4அ’ என்று தவறாக அடித்திருந்தால், ஏற்க முடியாத அந்த எடிட்டைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடும். ஊழியருக்குத் தெரியவே தெரியாது.

அதைவிட, சேமிக்கும் இடத்திலேயே ‘இஸ்எடிட்டிங்’ என்று கேட்டு, ஆம் என்றால் எடிட்டை முடிக்கச் சொல்லும் ‘ஸ்டாப்செல்எடிட்டிங்’கைக் கூப்பிடுவது பாதுகாப்பு. மதிப்பை ஏற்க முடியாமல் அது ஃபால்ஸ் தந்தால் சேமிக்காமல் நின்றுவிடலாம். கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும், தவறு கண்முன் தெரியும். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, எடிட் தொடங்கும் நொடியே தெரிய வேண்டுமென்றால்? லிஸ்னர் என்பது ஒரு நிகழ்வு நடந்ததும் அறிவிப்புப் பெறும் நிரல். அவற்றில் டேபிள்மாடல்லிஸ்னர் உதவாது. மதிப்பு மாறிய பிறகுதான் அது பேசும், எஸ்கேப் அடித்தால் வாயே திறக்காது. செல்எடிட்டர்லிஸ்னர் முடிவை மட்டும் சொல்லும். முடித்தாரா, கைவிட்டாரா என்று பிரித்துச் சொல்வது அதன் நல்ல குணம்.

எடிட்டரின், அதாவது திருத்தும்போது கட்டத்தில் தோன்றும் கருவியின், உரைப்பெட்டியில் ஃபோகஸ்லிஸ்னர் போடுவதில்தான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். இருமுறை சொடுக்கிச் சோதித்தால் சரியாக வேலை செய்யும். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நேரே தட்டச்சு செய்தால் ஒன்றும் வராது. அப்போது ஃபோகஸ் டேபிளிடமே இருக்கும், எழுத்துகளை டேபிள்தான் எடிட்டருக்குக் கடத்துகிறது. கடை ஊழியர்கள் மவுசைத் தொடுவதே அபூர்வம்!

என் தேர்வு, டேபிளில் ஒரு பிராப்பர்ட்டிசேஞ்ச்லிஸ்னர் வைத்து ‘டேபிள்செல்எடிட்டர்’ என்ற பண்பைக் கவனிப்பது. பழைய மதிப்பு நல் (எதுவும் இல்லை), புதியது எடிட்டர் என்றால் தொடக்கம், தலைகீழானால் முடிவு. மவுஸ், விசை இரண்டுக்கும் இது வரும். ஒரு பொறி மட்டும் உண்டு: தொடக்க அறிவிப்பு வரும்போது, திருத்தும் வரிசையைச் சொல்லும் ‘கெட்எடிட்டிங்ரோ’ இன்னும் -1 தான், ஏனென்றால் ஜேடேபிள் எடிட்டரைப் பதிந்த பிறகுதான் வரிசை எண்ணைப் பதிகிறது. வரிசை எண்ணைக் கேட்கும் வேலையை ‘இன்வோக்லேட்டர்’ வழியாகச் சற்றுத் தள்ளிப் போட்டால் சரியான வரிசை கிடைக்கும்.